நஞ்சுக்கு ஒரு மரியாதைப் பெயர்

முப்பது வருடம் ஜெர்மன், ஸ்வீடிஷ், டச்சு ஆவணங்களை மொழிபெயர்த்துப் பிழைத்தவள் நான். போன இதழில் இந்தப் பகுதியில் ‘கிஃப்ட்’ என்ற சொல்லைப் பற்றிப் போகிறபோக்கில் நான்கு வரி எழுதினேன்: ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனிலும் டச்சிலும் நஞ்சு, ஸ்வீடிஷில் நஞ்சு, கல்யாணமானவர் இரண்டும் என்று. வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால் நான்கு வரியில் தப்பித்துவிட முடியாது என்று தெரிகிறது. சரி, இந்தத் தடவை முழுப் பகுதியும் அந்த ஒரு சொல்லுக்கே.

கேள்வி: ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரு தாய் மக்கள் என்று பலமுறை எழுதியிருக்கிறீர்கள். அக்கா வீட்டில் பரிசாக இருப்பது தங்கை வீட்டில் விஷமாக ஆனது எப்படி? ஒரே சொல்தானா, இல்லை தற்செயலாக ஒரே எழுத்தில் அமைந்துவிட்டதா?

ஒரே சொல்தான். தற்செயல் எதுவும் இல்லை.

நமக்குக் ‘கொடு’ என்ற வினையிலிருந்து ‘கொடை’ வருகிறது, ‘நட’விலிருந்து ‘நடை’ வருகிறது. ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் இதே வேலையை வினையின் கடைசியில் ஒட்டுகிற ஒரு ‘ட்’ செய்கிறது. ஒட்டும்போது முன்னால் நிற்கிற ‘ப்’, ‘வ்’ ஒலிகள் ‘ஃப்’ ஆகிவிடும். ஜெர்மனில் ‘ஷ்ரைபன்’ என்றால் எழுது. அதிலிருந்து ‘ஷ்ரிஃப்ட்’, எழுத்து. ஆங்கிலத்தில் ‘டிரைவ்’ என்பதிலிருந்து ‘டிரிஃப்ட்’. அதே கணக்கில் ஜெர்மன் ‘கேபன்’, ஆங்கில ‘கிவ்’, இரண்டுக்கும் பிள்ளை ‘கிஃப்ட்’. பச்சையாகச் சொன்னால் கொடை, கொடுக்கப்பட்டது. அவ்வளவுதான். கொடுக்கப்பட்டது பூச்செண்டா, பாஷாணமா என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை.

பாஷாணத்தின் பக்கம் அது சாய்ந்ததற்கு மருத்துவர்களும் ஒரு காரணம். கிரேக்கத்தில் ‘கொடு’ என்பதற்கான வினையிலிருந்து ‘டோசிஸ்’ என்ற சொல் வந்தது. அதற்கும் ‘கொடுத்தல்’ என்றுதான் பொருள். வைத்தியர் நோயாளிக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கிற மருந்தின் அளவை அப்படிச் சொன்னார்கள். பிற்கால லத்தீன் அதைக் கடன் வாங்கியது. லத்தீன் படித்த ஜெர்மன்காரர்கள் ‘டோசிஸ்’ என்பதைத் தங்கள் மொழியில் அப்படியே பெயர்த்தார்கள்: கொடுத்தது, கிஃப்ட். ஒரு கரண்டி மருந்தைக் குறிக்க வந்த சொல், ஆளைக் கொல்கிற கரண்டிக்கும் பொருந்தியது. இரண்டுமே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போவதுதானே.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நஞ்சுக்கு இரண்டு பெயர் இருந்திருக்கும். ஏனென்றால் ஜெர்மானிய மொழிகளில் நஞ்சுக்கென்று நல்ல உறுதியான பழைய சொல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. பழைய ஜெர்மனில் ‘ஐட்டர்’, பழைய ஆங்கிலத்தில் ‘ஆட்டர்’. அந்தச் சொல் என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜெர்மனில் அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, ஆனால் ‘ஐட்டர்’ என்றால் இப்போது புண்ணில் வடிகிற சீழ். டேனிஷில் சிலந்திக்கு ‘எடர்கொப்’ என்று பெயர். அதன் முன்பாதி இந்தப் பழைய நஞ்சுதான். ஐஸ்லாந்துக்காரர்கள் பழசைக் கைவிடவில்லை. அவர்களுக்கு நஞ்சு இன்னமும் ‘எய்த்துர்’தான், ‘கிஃப்ட்’ இல்லை.

மற்ற ஊர்களில் பழைய சொல் ஏன் பின்வாங்கியது? பேரைச் சொன்னால் வந்துவிடுமோ என்ற பயம் என்பது என் கட்சி. பயமான பொருளை அதன் பெயரால் கூப்பிடாமல் ‘அது’, ‘அந்தச் சங்கதி’ என்று சுற்றி வளைப்பது மனித வழக்கம். ‘அவனுக்கு நஞ்சு வைத்தார்கள்’ என்பதைவிட ‘அவனுக்கு ஏதோ கொடுத்துவிட்டார்கள்’ என்பது நாக்குக்குச் சுலபம். இதில் கஷ்டம் என்னவென்றால், மரியாதைப் பெயர் ரொம்ப நாள் மரியாதையாக இருக்காது. பொருளின் நாற்றம் பெயருக்கும் ஏறிவிடும். ஜெர்மனில் முதலில் ‘கொடை’ என்ற பொருளும் ‘நஞ்சு’ என்ற பொருளும் ஒரே கூரைக்குக் கீழ் குடியிருந்தன. பிறகு கொடைக்குப் பெண்பால், நஞ்சுக்கு நபும்சகப்பால் என்று பாகம் பிரித்துப் பார்த்தார்கள். நாளடைவில் நல்ல பொருள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது. இப்போது ஜெர்மனில் யாரிடமாவது ‘உனக்கு ஒரு கிஃப்ட்’ என்றால் ஒரு நொடி முழிப்பார்கள்.

நல்ல பொருள் ஒரே ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘மிட்கிஃப்ட்’. ‘மிட்’ என்றால் கூட. பெண்ணோடு கூடக் கொடுத்து அனுப்புவது, அதாவது சீதனம். பழைய பெண்பாலிலேயே இன்னும் இருக்கிறது. சீதனத்துக்குள் விஷம் இருக்கிறது என்று ஜெர்மன் மாணவர்கள் வகுப்பில் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். வரலாற்றின்படி அது தலைகீழ். விஷத்துக்குள்தான் சீதனம் இருக்கிறது.

ஒரு காட்சி சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஹாம்பர்கில் ஒரு சாயப் பட்டறை ஆய்வகத்துக்குத் துபாஷி வேலையாகப் போயிருந்தேன். மூலையில் சாம்பல் நிற இரும்பு அலமாரி. கதவில் ஆரஞ்சுச் சதுரம், அதில் கறுப்பு மண்டையோடு, கீழே ‘ஸேர் கிஃப்டிக்’, கடும் நச்சு. (இப்போது அந்த ஆரஞ்சுச் சதுரம் போய், சிவப்பு ஓரம் போட்ட வெள்ளைச் சாய்சதுரம் வந்துவிட்டது.) சாவி ஆய்வக மேலாளர் அம்மாவின் கழுத்துக் கயிற்றில். அலமாரிக்குள் கண்ணாடிக் குப்பிகளுக்குப் பக்கத்தில் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு; அட்டையில் ‘கிஃப்ட்பூஹ்’, நஞ்சுப் பேரேடு. அவர் அதைத் திறந்து, எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்று எனக்குக் காட்டினார். தேதி, பொருள், எவ்வளவு, யாருக்கு. ‘எவ்வளவு’ என்ற பத்தியின் தலைப்பில் ‘அப்கெகேபன்’ என்று எழுதியிருந்தது: கொடுத்துவிட்டது. அட்டையில் இருப்பதும் கொடு, உள்ளே பத்தித் தலைப்பில் இருப்பதும் கொடு. நான் அதைச் சொன்னேன். இருபது வருடமாக அந்தப் பேரேட்டில் கையெழுத்துப் போட்டுவருகிற அந்த அம்மா அட்டையையும் தலைப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘இத்தனை நாள் கண்ணில் படவே இல்லையே’ என்றார். தாய்மொழிக்காரருக்குத்தான் இது தெரியாது. நம்மைப் போல வெளியிலிருந்து எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிற லாபம்.

கேள்வி: அப்படியானால் ஜெர்மன்காரர் பரிசுக்கு என்ன சொல்வார்?

‘கெஷெங்க்’. கொடுக்கிற வினை ‘ஷெங்கன்’. (விசாவில் வருகிற ஷெங்கனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது லக்சம்பர்கில் ஓர் ஊர். 1985இல் அங்கே ஒப்பந்தம் போட்டதால் வந்த பெயர்.)

இந்த ‘ஷெங்கன்’ ஆதியில் பரிசு கொடுப்பதே இல்லை. கோப்பையில் ஊற்றிக் கொடுப்பது. இன்றைக்கும் மது ஊற்றுவதற்கு ‘ஐன்ஷெங்கன்’ என்பார்கள், சாராயக் கடைக்கு ‘ஷெங்க’ என்று ஒரு பழைய பெயர் உண்டு, அரசர்களுக்குக் கிண்ணம் ஏந்தி ஊற்றியவனுக்கு ‘முண்ட்ஷெங்க்’. விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுப்பது மெல்ல மெல்ல எதை வேண்டுமானாலும் அன்பாகக் கொடுப்பதாக விரிந்தது. டச்சு மொழியில் இந்த இரண்டு பொருளும் இன்னும் ஒரே வினைச்சொல்லில்தான் இருக்கின்றன. டீ ஊற்றுவதும் அதே சொல், ஒரு பள்ளிக்குப் பணம் கொடுப்பதும் அதே சொல்.

இதோடு பிரெஞ்சு மொழியை வைத்துப் பாருங்கள். லத்தீனில் ‘போத்தியோ’ என்றால் பானம், குடிக்கிறது. அது பிரெஞ்சில் தேய்ந்து ‘புவஸோன்’ ஆனது; பொருள் நஞ்சு. ஆங்கிலம் அதை வாங்கி ‘பாய்சன்’ ஆக்கிக்கொண்டது. பின்னால் புத்தக வழியாக அதே லத்தீன் சொல் இன்னொரு தடவை வந்து ‘போஷன்’ ஆகி, மருந்துக் கஷாயத்துக்கும் வசிய பானத்துக்கும் பெயரானது. ஆக ஜெர்மனில் ஊற்றியது பரிசு, கொடுத்தது விஷம். பிரெஞ்சில் குடித்தது விஷம். பரிசும் நஞ்சும் ஒரே கோப்பைக்காகச் சண்டை போட்டு, ஊருக்கு ஊர் ஆளுக்கொரு பக்கம் ஜெயித்திருக்கின்றன. எனக்கு இதைவிட அழகான சொல் விபத்து தெரியாது.

ஸ்பானிஷ் ‘வெனெனோ’, இத்தாலி ‘வெலெனோ’ இரண்டுக்கும் மூலம் லத்தீன் ‘வெனேனும்’. அதன் வேரில் இருப்பவள் காதல் தெய்வம் வீனஸ். முதலில் அது காதல் வசப்படுத்துவதற்காகக் கொடுத்த பானம் என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். அளவு தப்பியிருக்கும்.

கேள்வி: ‘அளவு’ என்றதும் கேட்கிறேன். அமுதமும் மிஞ்சினால் நஞ்சு என்று நாம் சொல்வதை ஒரு ஜெர்மன் மருத்துவர் முதலில் சொன்னதாகப் படித்தேன். உண்மையா?

முதலில் சொன்னாரா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. நாம் யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் சொல்வது பாராசெல்சஸை. 1493இல் இன்றைய சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், 1541இல் சால்ஸ்பர்கில் இறந்தார். எதிரிகள் தம்மை விஷ வைத்தியர் என்று ஏசியதற்குப் பதிலாக 1538இல் எழுதியது: எல்லாப் பொருளும் நஞ்சு, நஞ்சில்லாதது ஒன்றுமில்லை, அளவு மட்டுமே ஒரு பொருளை நஞ்சில்லாமல் ஆக்குகிறது.

நச்சியல் பாடப் புத்தகங்களில் எல்லாம் இந்த வரி இருக்கும். மொழிபெயர்ப்பில் படிப்பவர்களுக்குக் கிடைக்காதது ஒன்று மூலத்தில் உண்டு. அவர் லத்தீனில் எழுதவில்லை, ஜெர்மனில் எழுதினார். நஞ்சுக்கு அவர் போட்ட சொல் ‘கிஃப்ட்’, அளவுக்குப் போட்ட சொல் ‘டோசிஸ்’. இரண்டுமே ‘கொடுத்தது’! ஒன்று ஜெர்மன் கொடை, மற்றது கிரேக்கக் கொடை. மேலே சொன்னபடி ஒன்று மற்றதைப் பார்த்து வார்த்த அச்சு. கொடுத்தது எல்லாம் கொடுத்தது, எவ்வளவு கொடுத்தது என்பதே கொடுத்ததைக் கொடுத்ததல்லாமல் ஆக்குகிறது என்று அந்த வரியை வேருக்கு வேர் பெயர்க்கலாம். ஒன்றும் புரியாது, ஆனால் தப்பும் இல்லை. பாராசெல்சஸுக்கு இந்தச் சிலேடை தெரிந்திருக்குமா? வாய்த்துடுக்கு அதிகமான மனுஷர். தெரிந்தே எழுதினார் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சந்தோஷம்.

‘டோஸ்’ நம் பேச்சுக்கும் வந்து, மேலதிகாரி விடுகிற திட்டாகிவிட்டது. இதிலும் நாம் தனி ஆள் இல்லை. தென் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ‘ஸிஷ் கிஃப்டன்’ என்றால் கோபத்தில் கொதிப்பது. டச்சில் ‘கிஃப்டிக்’ என்றால் நச்சானது, கடுங்கோபமானது இரண்டும்.

கேள்வி: ஸ்வீடிஷில் நஞ்சுக்கும் கல்யாணமானவருக்கும் ஒரே சொல் என்று எழுதியிருந்தீர்கள். என் கணவர் இதைப் படித்ததிலிருந்து வீட்டில் ஒரே கிண்டல். பதிலடிக்கு ஏதாவது கொடுங்கள்.

உங்கள் கணவருக்கு முன்னாலேயே ஸ்வீடன்காரர்கள் அந்தக் கிண்டலைப் பல தலைமுறையாக அடித்துத் தேய்த்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

விஷயம் உண்மை. அங்கே அதை ‘யிஃப்ட்’ என்று சொல்வார்கள்; ஸ்வீடிஷில் ‘இ’ முன்னால் நிற்கிற ‘க’ மெலிந்து ‘ய’ ஆகிவிடும். நஞ்சும் யிஃப்ட், மணமானவரும் யிஃப்ட், உச்சரிப்பிலும் துளி வித்தியாசமில்லை. நார்வேயிலும் இப்படியே. டேனிஷிலும் ஒரே சொல்தான், ஆனால் ‘க’ அழுத்தமாக இருக்கும்.

இரண்டும் ‘கொடு’விலிருந்து வந்தவைதான், ஆனால் வந்த பாதை வேறு. கல்யாணப் பொருள் உள்ளூர்ச் சரக்கு, ஸ்காண்டிநேவிய மொழிகளுக்கு மூதாதையான பழைய நார்ஸ் மொழியிலிருந்தே வருவது: பெண் கொடுத்தல். ‘யிஃப்ட்’ என்றால் ‘கொடுக்கப்பட்டவள்’. முதலில் பெண்ணுக்குத்தான் பொருந்தியது. இப்போது ஆணுக்கும் அதே சொல், யார் அவரைக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஸ்வீடனின் 1734ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் முதல் பகுதியே திருமணம்தான். அதன் பெயரிலும் இந்த யிஃப்ட் இருக்கிறது. பெண்ணைக் கொடுக்கும் உரிமை உள்ளவருக்கு, பெரும்பாலும் அப்பாவுக்கு, ‘யிஃப்டோமான்’ என்று சட்டப்படி ஒரு பதவிப் பெயரே இருந்தது. நஞ்சுப் பொருளோ நடுக்காலத்தில் வட ஜெர்மன் வியாபாரிகளின் பேச்சிலிருந்து கப்பலேறி வந்த இறக்குமதி. கொடுத்த பெண்ணும் கொடுத்த நஞ்சும் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் சந்தித்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்று கண்டுபிடித்தன. அவ்வளவுதான். கிண்டலுக்கு வரலாற்று ஆதாரம் இல்லை.

நான் இதில் அடிபட்டவள். சில வருடங்களுக்கு முன் ஒரு இளைஞர் ஸ்வீடனில் வாங்கிய ஆள்விவரச் சான்றை அவசரமாக மொழிபெயர்த்துத் தரச் சொன்னார். இரண்டு பக்கம்தானே என்று முதல் வடிவத்தைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்தேன். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சரிபார்த்தேன். பெயரில் ஒரு புள்ளி தப்பினால் வம்பு என்பதால் என் கண் முழுக்க அங்கேயே. கையெழுத்தும் முத்திரையும் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் போன். ‘மேடம், மூன்றாவது வரியைக் கொஞ்சம் பாருங்களேன்.’ எடுத்துப் பார்த்தால், ‘திருமண நிலை: நஞ்சு’. என் முத்திரை அதன் மேலேயே பளிச்சென்று விழுந்திருக்கிறது. அவருக்குக் கல்யாணமாகி ஆறு வாரம். மனைவி அதை வெட்டி ஃபிரேம் போட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார். திருத்திய பிரதிக்குப் பணம் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

பதிலடி கேட்டீர்களே, மறந்துவிட்டேன். கல்யாணமாகாதவருக்கு ஸ்வீடிஷில் ‘ஊயிஃப்ட்’. ‘ஊ’ எதிர்மறை முன்னொட்டு. கல்யாணத்துக்கு முன் அவர் வெறும் ‘கொடுபடாதவர்’, எடுக்க ஆளில்லாமல் கிடந்த சரக்கு என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் மட்டும் அந்தச் சொல் எப்படிச் சுத்தமாகத் தப்பித்தது?

தப்பிக்கவில்லை, ஆள் மாறாட்டம் நடந்தது. பழைய ஆங்கிலத்திலும் அது ‘யிஃப்ட்’ போலத்தான் ஒலித்தது. பொருள் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கிற பணம். பன்மையில் சொன்னால் கல்யாணமே. அதாவது ஸ்வீடிஷின் உடன்பிறப்பு. ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து டேனியர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். முட்டைக்கும் வானத்துக்கும் கூட அவர்கள் சொல்லையே ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. அழுத்தமான ‘க’ போட்ட ‘கிவ்’, ‘கிஃப்ட்’ இரண்டும் அந்த வழிதான். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் இன்னும் ‘யிஃப்டெ’ என்றுதான் எழுதுகிறார். அதற்கப்புறம் ‘ய’ தோற்று ‘க’ நின்றது, பொருளும் பொதுவான பரிசாக விரிந்தது. நஞ்சு வேலைக்குப் பிரெஞ்சிலிருந்து ‘பாய்சன்’ வந்து உட்கார்ந்துவிட்டதால், ‘கிஃப்ட்’டைக் கெடுக்கத் தேவை வரவில்லை.

கேள்வி: ரஷ்ய மொழியில் ‘பிராக்’ என்றால் திருமணம், பழுதான சரக்கு இரண்டுமாமே? இதுவும் அந்த ரகமா?

இல்லை. இது நிஜமாகவே தற்செயல். திருமணப் ‘பிராக்’ பழைய ஸ்லாவியச் சொல், ‘எடு’ என்ற வினையோடு சேர்ப்பார்கள். ஆலையில் கழித்துப் போடும் ‘பிராக்’ ஜெர்மனிலிருந்து வந்த வியாபாரச் சொல். நல்ல காரியத்துக்குப் ‘பிராக்’ என்று பேர் வைப்பார்களா என்று ரஷ்யர்களே ஜோக் அடிப்பார்கள். ஸ்பானிஷில் ‘எஸ்போசாஸ்’ என்றால் மனைவிகள், கைவிலங்கு இரண்டும். அது மட்டும் தற்செயல் இல்லை, யாரோ வேண்டுமென்றே வைத்த பெயர்.

கேள்வி: நான் நெதர்லாந்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். டச்சில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு என்று எழுதிவிட்டீர்கள். என் வருமான வரிப் படிவத்தில் ‘கிஃப்டன்’ என்று ஒரு பகுதி வருடா வருடம் வருகிறதே, அது என்ன?

தப்பு என்னுடையது. அரைத் தப்பு என்று வாதாட ஆசை, ஆனாலும் தப்புதான். டச்சில் ‘டெ’ என்ற முன்சொல்லோடு வருகிற ‘கிஃப்ட்’ நன்கொடை. நஞ்சுக்கு ‘ஹெட்’ என்ற முன்சொல். அதையும் இப்போது பெரும்பாலும் கடைசி எழுத்தை வெட்டி ‘கிஃப்’ என்றோ, முன்னொட்டு போட்டு ‘ஃபெர்கிஃப்’ என்றோதான் எழுதுகிறார்கள். ஜெர்மனில் பாகம் பிரித்தும் நிற்காதது டச்சில் நின்றுவிட்டது. உங்கள் படிவம் கேட்பது நன்கொடைக் கணக்கை. ரசீது இருந்தால் கழிவு கேட்கலாம், தாராளமாக நிரப்புங்கள்.